மழைநீர் பாதாள சாக்கடைக்குள் நுழையும்போது: சிறு நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மொட்டை மாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர் தண்ணீர் சேரும். ஒருவர் நாள் முழுவதும் வெளியேற்றும் கழிவுநீரை 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இது 50 பேரின் ஒரு நாள் கழிவுநீர். அந்த மாடியின் மழைநீர்க் குழாயைப் பாதாள சாக்கடையில் இணைத்திருந்தால், அத்தனையும் ஒரே மணி நேரத்தில் குழாய்க்குள் இறங்கிவிடும். 250 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் பதித்த 200 மில்லிமீட்டர் குழாய் நிரம்பி ஓடினாலும் விநாடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர்தான் கொண்டுசெல்லும். இப்படிப்பட்ட 15 வீடுகள் ஒரே தெருவில் இருந்தால் அந்தக் குழாயில் கழிவுநீருக்கு இடமே மிஞ்சாது. பிறகு அது எங்கே போகும்? தாழ்வான வீட்டின் கழிவறை வழியாக மேலே வரும்.

மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய் வைத்திருக்கும் ஊர்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன். லண்டன், பாரிஸ் போன்ற பழைய நகரங்களின் பல பகுதிகளில் இரண்டும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அங்கே கணக்கு வேறு. 1880இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பொறியாளர் ஜார்ஜ் வேரிங் அமைத்த தனிக் கழிவுநீர் அமைப்பு புகழ்பெற்றது. மழைநீரைச் சேர்க்காவிட்டால் சிறிய குழாயே போதும், செலவும் குறையும் என்பது அதன் அடிப்படை. சிறு நகரங்கள் இந்த முறையைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தச் சிக்கனமே காரணம். மழைநீர் உள்ளே வந்துவிட்டால் அந்தச் சிக்கனமே ஆபத்தாக மாறிவிடுகிறது.

அளக்காமல் மோட்டாரை மாற்றுவது

கழிவுநீரை இறைத்து அனுப்பும் நீரேற்று நிலையம் நிரம்பி வழிந்ததும் முதலில் எழும் கோரிக்கை பெரிய மோட்டார். நான் மிகவும் வருந்தும் தவறு இதுதான். சிறிய ஊரின் கையில் இருக்கும் பணம் முழுவதையும் விழுங்கிவிட்டு, பிரச்சினையை அடுத்த நிலையத்துக்கு இன்னும் வேகமாகத் தள்ளிவிடுகிறது. மேல்நிலையத்தில் மோட்டாரைப் பெரிதாக்கினால் கீழ்நிலையம் வழியும். அதையும் பெரிதாக்கினால் சுத்திகரிப்பு நிலையம் மூழ்கும். மழைநீர் நுழையும் வாய்கள் அப்படியேதான் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, தொடக்கத்திலேயே விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நீரேற்று நிலையங்களில் பொதுவாக மோட்டார் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அதைக் குறித்து, பக்கத்தில் அன்றைய மழையளவையும் எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எந்த நிலையம் மழையால் அதிகம் பாதிக்கப்படுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். வழக்கமான நாளில் 4 மணி நேரம் ஓடும் மோட்டார் மழை நாளில் 20 மணி நேரம் ஓடினால், தேட வேண்டிய பகுதி அதுதான்.

இங்கே ஒரு சிறு பிழை நுழையும். மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்பிக் கணக்குப் போடுவார்கள். தேய்ந்த மோட்டார் அந்த அளவுக்கு இறைக்காது. நிலையத்தில் கழிவுநீர் வந்து சேரும் 3 மீட்டர் விட்டமுள்ள சேகரிப்புக் கிணற்றில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 7,070 லிட்டர் வெளியேறியிருக்கிறது. அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு நீர்மட்டம் ஏறும் வேகத்தையும் அளந்து அதனுடன் கூட்டினால் உண்மையான இறைப்பு வேகம் கிடைத்துவிடும்.

மழையளவையும் ஊருக்குள்ளேயே அளக்க வேண்டும். தொலைவிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணை எடுத்துக்கொண்டால், இடிமழையில் அது சற்றும் பொருந்தாமல் போகலாம்.

எல்லா நீரையும் ஒன்றாகக் கருதுவது

குழாய்க்குள் வரும் வேண்டாத நீர் இரண்டு வகை. ஒன்று நேரடியாக நுழைவது: மாடிக் குழாய், முற்றத்து வடிகால், தவறாக இணைத்த தெரு வடிகால், மேன்ஹோல் மூடியின் துளைகள். மற்றொன்று மண்ணுக்குள்ளிருந்து கசிவது: விரிசல் விட்ட குழாய், பிரிந்த இணைப்புகள், வேர் துளைத்த இடங்கள், மேன்ஹோலின் செங்கல் சுவர்.

இரண்டும் ஓட்டத்தில் வெவ்வேறு தடம் விடுகின்றன. மழை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஓட்டம் செங்குத்தாக ஏறி, மழை நின்றதும் இறங்கிவிட்டால் நேரடி நுழைவே முக்கியக் குற்றவாளி. மெதுவாக ஏறி, மழை விட்ட பிறகும் பல நாட்கள் இறங்காமல் இருந்தால் கசிவு. அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை ஊரே உறங்கும். அப்போது குழாயில் தெளிவான நீர் நிறைய ஓடினால் அது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான்.

இதைப் பிரித்தறியாமல் விடுவதால் பணம் வீணாகிறது. நேரடி நுழைவை நிறுத்துவது பொதுவாக மலிவான வேலை. ஒரு மாடிக் குழாயைத் திருப்பிவிட ஒரு நாள்கூட ஆகாது. கசிவைச் சரிசெய்யக் குழாயையே புதுப்பிக்க வேண்டும். மலிவான வேலை கண்ணெதிரே இருக்கும்போது, பெரிய ஒப்பந்தம் விட்டுக் குழாய் மாற்றத் தொடங்குவது வரிசையைத் தலைகீழாக்குவது.

எவ்வளவு நீர் அதிகம் என்று முடிவு செய்ய, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த அளவுகோல் பல இடங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் மழையில்லாத நாளில் மொத்த ஓட்டம் தலைக்கு 120 காலன், அதாவது ஏறக்குறைய 450 லிட்டர். பெருமழை நாளில் 275 காலன், அதாவது ஏறக்குறைய 1,040 லிட்டர். நீர்ப் பயன்பாடு அதிகமுள்ள நாட்டுக்கு எழுதப்பட்டவை இவை. தலைக்கு 100 லிட்டர் கழிவுநீர் வரும் ஊர், 450 லிட்டர் வரை பரவாயில்லை என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் ஊரின் வறண்ட நாள் ஓட்டத்தோடு மழை நாள் ஓட்டத்தை ஒப்பிடுவதையே நான் நம்புவேன்.

தவறான பருவத்தில் சோதிப்பது

கேமரா விட்டுப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் கோடையில், நிலத்தடி நீர் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்ட காலத்தில் பார்த்தால் கசிவு தெரியாது. விரிசல் தெரியலாம், அதில் எவ்வளவு நீர் வருகிறது என்பது தெரியாது. கசிவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நீர்மட்டம் உயர்ந்த காலத்தில், நள்ளிரவுக்குப் பின் ஓட்டம் குறைந்த நேரத்தில் கேமராவை இறக்க வேண்டும்.

புகைச் சோதனைக்கு நேர்மாறான காலம் வேண்டும். மேன்ஹோலில் காற்று ஊதும் இயந்திரம் வைத்து, இதற்கென்றே தயாரித்த நச்சற்ற புகையைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். எந்த மாடிக் குழாயிலிருந்து, எந்த வடிகாலிலிருந்து புகை எழுகிறதோ அது சாக்கடையுடன் இணைந்திருக்கிறது. மண் ஈரமாக இருந்தால் விரிசல்களை நீர் அடைத்துக்கொண்டு புகையைத் தடுக்கும். அதனால் வறண்ட காலமே ஏற்றது. புகை வராத இடத்திலும் சந்தேகம் இருந்தால், சாயம் கலந்த நீரை ஊற்றிக் கீழே உள்ள மேன்ஹோலில் நிறம் தெரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்யலாம்.

அறிவிக்காமல் புகை விடுவது பெருந்தவறு. பயன்படுத்தாத கழிவறையின் வளைகுழாயில் நீர் வற்றியிருந்தால் புகை வீட்டுக்குள் வரும். படுக்கையில் இருக்கும் முதியவரின் அறையில் திடீரென்று புகை சூழ்ந்தால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்? சில நாட்களுக்கு முன்பே துண்டறிக்கை கொடுத்து, எல்லா வடிகால் வாய்களிலும் ஒரு குவளை நீர் ஊற்றச் சொல்லி, தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவித்த பிறகே தொடங்க வேண்டும். அதன் பிறகும் புகை வீட்டுக்குள் வந்தால், சாக்கடை வாயுவும் அதே வழியில் வருகிறது என்று பொருள். வீட்டுக்காரருக்குக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

தெருக் குழாயோடு நிறுத்துவது

பழைய குழாய்க்குள் பிசின் ஊறிய உறையைச் செலுத்தி, அதை இறுக வைத்துப் புதுக் குழாயாக்கும் முறை 1971இல் லண்டனில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. தெருவைத் தோண்டாமல் வேலை முடிவதால் உலகெங்கும் பரவியது. சிறந்த தொழில்நுட்பம்தான். ஆனால் தெருவின் பெரிய குழாய்க்கு மட்டும் உறை போட்டுவிட்டு, வீட்டு இணைப்புகளையும் மேன்ஹோல்களையும் விட்டுவிட்டால் எதிர்பார்த்த பலன் வராது. அதுவரை விரிசல்கள் வழியே வடிந்துகொண்டிருந்த நிலத்தடி நீர், வழி அடைபட்டதும் மட்டம் உயர்ந்து, அடுத்த ஓட்டையைத் தேடிப் போகும். அந்த ஓட்டை பெரும்பாலும் வீட்டு இணைப்பில் இருக்கும்.

வீட்டு இணைப்புக் குழாய் தனியார் நிலத்தில் இருப்பதால் நகராட்சிகள் தயங்குகின்றன. தயக்கம் புரிகிறது. ஆனால் மொத்தக் குழாய் நீளத்தில் வீட்டு இணைப்புகளின் பங்கு சிறியதன்று; பதித்தவர்களின் வேலைத்தரமும் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் ஊரெங்கும் சிதறிச் செய்வதைவிட, ஒரு சிறு பகுதியை எடுத்துத் தெருக் குழாய், மேன்ஹோல், வீட்டு இணைப்பு மூன்றையும் முழுமையாக முடிப்பது நல்லது.

நீருக்கு மாற்று வழி காட்டாதது

புகைச் சோதனையில் ஒரு தெருவின் பத்து வீடுகள் சிக்குகின்றன. நோட்டீஸ் போகிறது, இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அடுத்த மழையில் முற்றம் குளமாகிறது. அதற்கடுத்த மழைக்குள் பத்தில் பல இணைப்புகள் திரும்ப முளைத்துவிடும். மக்களைக் குறை சொல்வது எளிது. சாக்கடையிலிருந்து வெளியேற்றிய நீர் எங்கே போக வேண்டும் என்று நகராட்சி சொல்லவில்லையே!

மழைநீர் வடிகால், நிலத்தில் இறங்கும் உறிஞ்சுகுழி, சேமிப்புத் தொட்டி, தோட்டம் என்று ஏதாவது ஒரு வழியை நோட்டீஸிலேயே காட்ட வேண்டும். மண் களிமண்ணாக இருந்தால் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. வடிகால் அமைக்கும்வரை துண்டிப்பதைத் தள்ளிவைப்பதே நேர்மை.

தாழ்வான வீடுகளுக்குக் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு உதவும். ஆனால் அந்த வால்வுக்கு முன்பே வீட்டின் மாடிக் குழாய் இணைந்திருந்தால், வால்வு மூடிய நேரத்தில் சொந்த மாடியின் மழைநீரே வீட்டுக்குள் நிரம்பும். வால்வு வைப்பதற்கு முன் அந்த இணைப்பை அகற்றுவது கட்டாயம்.

தெருவெள்ளத்தை வடிக்க மூடியைத் திறப்பது

இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தெருவில் நீர் தேங்கியதும் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவது உயிரைப் பறிக்கும் செயல். கலங்கிய நீருக்கடியில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது. பள்ளிவிட்டு வரும் குழந்தை அதில் விழலாம். உயிர்ப்பலி நேராவிட்டாலும், தெருவின் மணலும் குப்பையும் அப்படியே குழாய்க்குள் இறங்கிப் படியும். இன்று அரை மணி நேரத்தில் வடித்த வெள்ளத்துக்கு, மாதக்கணக்கில் அடைப்பு எடுக்க வேண்டிவரும்.

மூடியை யாரும் தொடாவிட்டாலும் நீர் இறங்கும். 25 மில்லிமீட்டர் துளை ஒன்றின் மேல் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 லிட்டர், மணிக்கு 1,000 லிட்டர் உள்ளே போகும். பல ஊர்களில் சாலையைத் திரும்பத் திரும்ப மேலே போட்டு, மூடி பள்ளத்துக்குள் போய்விட்டது. மழைநீர் தானாக அங்கே கூடுகிறது. சாலை போடும் ஒப்பந்தத்திலேயே மூடியின் சட்டத்தை உயர்த்தும் வேலையைச் சேர்த்துவிடலாம். துளையில்லாத மூடிகளைத் தாழ்வான இடங்களில் மட்டும் வையுங்கள். எல்லா இடத்திலும் அடைத்துவிட்டால் குழாயின் காற்றோட்டம் கெட்டு வாயு தேங்கும்.

அந்த வாயு பற்றியும் ஒரு வார்த்தை. கசிவைப் பார்க்கிறேன் என்று யாரையும் குழிக்குள் இறக்கக் கூடாது. சாக்கடையில் உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு ஏறக்குறைய 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர்கள் திரும்பாமல் போயிருக்கிறார்கள். கம்பில் கட்டிய கேமராவை மேலிருந்தே இறக்கினால் போதும்.

சுத்திகரிப்பு நிலையமும், வேலைக்குப் பிந்தைய கணக்கும்

கழிவை உண்ணும் நுண்ணுயிர்க் கசடை வளர்க்கப் பல வாரங்கள் ஆகும். வெள்ளம்போல் வரும் ஓட்டம் அதைப் படிவுத் தொட்டியிலிருந்து சில மணி நேரத்தில் அடித்துச் சென்றுவிடும். மழை விட்ட பிறகும் நிலையம் சரியாக வேலை செய்யாது. மழைக்காலத்துக்கு முன் மிகுதியான கசடை அகற்றிவைப்பதும், பெருமழையின்போது கழிவுநீரைக் காற்றூட்டும் தொட்டியின் பிற்பகுதியில் செலுத்துவதும் கசடைக் காக்கும். உச்ச ஓட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் தொட்டி கட்டுவது நல்லதுதான், ஆனால் நேரடி நுழைவுகளை அடைத்த பிறகு கணக்கிட்டால் தொட்டியின் அளவு கணிசமாகக் குறையலாம்.

பழுதுபார்த்த பின் பலனை அளப்பதிலும் தவறு நேர்கிறது. சென்ற ஆண்டை இந்த ஆண்டுடன் ஒப்பிட்டு வெற்றி என்பார்கள். இந்த ஆண்டு மழையே குறைவாக இருந்திருக்கும். ஒரே அளவு மழைக்கு, முன்பும் பின்பும் ஓட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பாருங்கள். வேலை செய்யாத பக்கத்துப் பகுதி ஒன்றையும் அதே மழைகளில் அளந்துவாருங்கள். அங்கே ஓட்டம் மாறாமல் இங்கே மட்டும் குறைந்திருந்தால்தான், குறைந்தது பழுதுபார்த்ததால் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.