மானாவாரிக் காட்டில் இலந்தை: ஒட்டுக்கன்று வேண்டாம், விதையை ஊன்றுங்கள்

ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. அதை மட்டும் நம்பிக் காய்க்கும் மரம் இலந்தை. கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். ஆணிவேர் ஆழத்து ஈரத்துக்குப் போயிருக்கும்.

பாலித்தீன் பையில் நெடுநாள் கிடந்த ஒட்டுக்கன்றுக்கு அந்த ஆணிவேர் அடியில் சுருண்டு போயிருக்கும். குழியில் வைத்த பிறகும் நேராகாது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய கோடையில் கன்று காய்ந்துவிடும். அதனால் காட்டிலந்தை விதையைக் குழியிலேயே ஊன்றி, அங்கேயே ஒட்டுக்கட்டுங்கள்.

8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 63 குழி. நீளம், அகலம், ஆழம் மூன்றடி. மேல்மண்ணில் 20 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து மூடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு போட்டால் ஓடும் மழைநீர் குழியில் நிற்கும்.

லிட்டருக்கு 170 கிராம் உப்புக் கரைத்த நீரில் கொட்டைகளைப் போட்டு, மிதப்பதைத் தள்ளுங்கள். மூழ்கியதைக் கழுவி, ஓட்டைப் பதமாகத் தட்டிப் பருப்பை எடுத்து ஊன்றினால் பத்து நாளுக்குள் முளைக்கும். ஓட்டோடு போட்டால் மூன்று, நான்கு வாரம். புரட்டாசி மழைக்குக் குழிக்கு 3 விதை போதும். பிறகு ஒன்றை விட்டு மற்றதைத் தரையோடு அறுங்கள். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் அசையும்.

அடுத்த ஆடி, ஆவணியில் தண்டு பென்சில் பருமன் ஆனதும் ஒட்டலாம். நாலைந்து நாள் முன்பே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், பட்டை வழுக்கிக்கொண்டு உரியும். முக்கால் அடி உயரத்தில் 'டி' வடிவில் கீறி, உம்ரான் அல்லது பனாரசி ரக மரத்தின் புதுக்குச்சியில் பட்டையோடு எடுத்த கண்ணை, அதாவது துளிர் மொட்டைச் செருகி, கண் மட்டும் தெரிய நாடா சுற்றுங்கள். பதினைந்து நாள் கழித்தும் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் மறுபக்கம் ஒட்டுங்கள். கண் துளிர்த்ததும் மேல்தண்டை வெட்டிவிட வேண்டும்.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். விட்டால் காட்டிலந்தை ஏறி ஒட்டை அமுக்கிவிடும். 'நல்ல ரகம்தான் வைத்தேன், சுண்டைக்காயாகக் காய்க்கிறதே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புதுக்கிளையில்தான் காய் பிடிக்கும். எனவே அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கவாத்து கட்டாயம். வெட்ட மனம் வராதவர்களின் மரத்தில் காய் சிறுத்துக் கைக்கெட்டாத உச்சிக்குப் போய்விடும்.

இளங்காயில் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழத் தெளியுங்கள். பழ ஈயின் புழு உதிர்ந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். விழுந்ததை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்து, கோடையில் மரத்தடியைக் கொத்திப் புரட்டிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காய்ந்து சாகும்.