எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீணைக்கு மேளம் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கரி கலந்த தேன்மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தி, காதால் கேட்டுக் கேட்டு இடம் சரிசெய்வார்கள். ஒரு மெட்டு இம்மி தள்ளிப்போனாலும் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வசதி கிடையாது. ஃபிரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் மெட்டுக்கு, ரம்பத்தால் போட்ட கோடு போட்டதுதான்; கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குத் துளைத்த துளை துளைத்ததுதான். இதுவரை நான் ஐந்து கிட்டார்களும் இரண்டு பேஸும் செய்திருக்கிறேன், பழையவை சிலவற்றுக்குப் புதிதாக பெயின்ட் அடித்திருக்கிறேன். கெட்டுப்போன இடங்களை யோசித்துப் பார்த்தால் எல்லாமே காத்திருக்க வேண்டிய நேரத்தில் கை முந்திக்கொண்ட இடங்கள்தான்.

முதலில், பாகங்கள் கைக்கு வரும் முன்பே மரத்தை வெட்டாதீர்கள். கிடைத்த வரைபடத்தை அச்செடுத்து மரத்தில் ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். அச்சு இயந்திரம் தாளுக்குப் பொருத்தமாகப் படத்தைச் சற்றுச் சுருக்கியிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தில் ஏதாவது ஒரு தெரிந்த நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டாரில் நெக்கின் (கழுத்தின்) அடிப்பகுதி 56 மி.மீ. அகலம், அது உட்காரும் குழி 16 மி.மீ. ஆழம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் கையில் இருக்கும் நெக் அரை மி.மீ. கூடியோ குறைந்தோ இருக்கலாம். நெக்கைப் பிடித்துத் தூக்கினால், ஸ்குரூ இல்லாமலே பாடி (கிட்டாரின் உடல்) கழன்று விழாத அளவுக்குக் குழி இறுக்கமாக இருப்பது நல்லது. அதற்கு அந்த நெக்கையே அளவாக வைத்துத்தான் குழி வெட்ட வேண்டும்.

பிரிட்ஜிலும் இதே கதைதான். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் வகை பிரிட்ஜ் தட்டையானது, நெக் சாயாமல் நேராக இருந்தால் போதும். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகை ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் பாடியிலிருந்து உயர்ந்து நிற்கும். அதை நேரான நெக்கோடு சேர்த்தால், எவ்வளவு இறக்கினாலும் கம்பிகள் ஃபிரெட்டுக்கு மேலே எட்டாத உயரத்தில் தொங்கும். ஒன்று நெக் இரண்டு மூன்று டிகிரி பின்னால் சாய வேண்டும், அல்லது பிரிட்ஜை மரத்துக்குள் இறக்கிப் பதிக்க வேண்டும். எது என்பதை மரத்தில் கை வைக்கும் முன்பே பக்கவாட்டுப் படம் ஒன்று முழு அளவில் வரைந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிரிட்ஜின் இடத்தைத்தான் நான் மிகப் பெரிய கண்டம் என்பேன். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வரை ஃபெண்டர் வகையில் 648 மி.மீ., கிப்சன் வகையில் ஏறக்குறைய 628, பிரெசிஷன் பேஸில் 864. நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் உங்கள் நெக்கின் உண்மையான அளவு வந்துவிடும். ஆனால் பிரிட்ஜின் நடுவை அந்த அளவில் வைத்தால் தவறு. கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு கம்பியும் கணக்கைவிடச் சில மி.மீ. நீளமாக இருக்க வேண்டும், தடித்த கம்பிக்கு இன்னும் கூடுதலாக. என் முதல் கிட்டாரில் இது தெரியாமல் பிரிட்ஜை 4 மி.மீ. முன்னால் பொருத்திவிட்டேன். சேடிலைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளியும் 12ஆவது ஃபிரெட்டில் சுருதி ஏறியே நின்றது. அதே மரத்தில் குச்சி சீவித் துளைகளை அடைத்து மறுபடி துளைத்தேன், தழும்பை மறைக்க அடர்ந்த நிறம் அடிக்க வேண்டியதாயிற்று. சரியான முறை இது: மெல்லிய முதல் கம்பியின் சேடிலை முன்பக்கமாகக் கிட்டத்தட்ட முழுதும் இழுத்து வைத்து, அது சரியாக உங்கள் நெக்கின் அளவில் (ஃபெண்டர் வகையில் 648இல்) வரும்படி பிரிட்ஜை வையுங்கள். அந்தக் கம்பியைச் சற்றும் மற்றவற்றை இன்னும் கூடுதலாகவும் பின்னால் நகர்த்த இடம் தானாக இருக்கும். துளைக்கும் முன் நெக்கை மாட்டி, இரண்டு ஓரக் கம்பிகளின் இடத்தில் நூல் கட்டிப் பாருங்கள். விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் இரு ஓரத்திலும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். பாடியின் நடுக்கோட்டை நம்புவதைவிட நூலை நம்பலாம்.

ஃபிங்கர்போர்டையும் நீங்களே வெட்டுவதாக இருந்தால் ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்த ஃபிரெட்டை அளக்காதீர்கள். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து மேலே போகப் போகப் பெருகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். 648 அளவில் முதல் ஃபிரெட் 36.37 மி.மீ., அதாவது மொத்த நீளத்தை 17.817ஆல் வகுத்த விடை. 12ஆவது ஃபிரெட்டில் ஒரு மி.மீ. பிசகினால் சுமார் 5 சென்ட் சுருதி மாறும். அதே பிசகு 24ஆவது ஃபிரெட்டில் 10 சென்ட்டைத் தாண்டும். ஓர் அரைச்சுரம் என்பதே 100 சென்ட்தான்.

பேஸ் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாடியின் மேல் கொம்பை அழகுக்காகக் குட்டையாக்கிவிடாதீர்கள். தோள்வார் மாட்டும் பொத்தான் ஏறக்குறைய 12ஆவது ஃபிரெட்டுக்கு நேராக வந்தால்தான் நீண்ட நெக் கீழே சாயாமல் நிற்கும். பாடியை லேசான மரத்தில் செய்து, தலையில் கம்பியை முறுக்கும் ட்யூனர்களைக் கனமானவையாகப் போட்டால் வாசிக்கும் நேரம் முழுக்க இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே இருக்கும்.

இனி மரம். மரவாடியில் "நல்லா காஞ்ச மரம் சார்" என்பார்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் அது போதும், கிட்டாருக்குப் போதாது. நிழலில் காற்றாடக் காய்வதற்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. பாடியின் கனம் சுமார் 45 மி.மீ., அதற்கு இரண்டு ஆண்டு பக்கம் ஆகும். ஈரமானி இல்லாவிட்டால் பரவாயில்லை. பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் உங்கள் அறையின் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று பொருள். பழைய வீட்டு உத்தரத் தேக்கு நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் எடையைக் கணக்கில் வையுங்கள்: ஆல்டர் மரத்தில் இரண்டு கிலோ வரும் பாடி தேக்கில் மூன்றை நெருங்கும். அப்புறம் தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பசையோ லாக்கர் பூச்சோ வைப்பதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் ஒட்டாது. வீணைக்குப் பலா எடுப்பது போல கிட்டாருக்கும் எடுக்கலாம். நான் செய்த இரண்டாவது பேஸ் பலாதான், அந்த மஞ்சள் நிறம் நாளாக ஆகப் பழுத்துக்கொண்டே வருகிறது.

மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டரில் கோட்டை ஒட்டி ஒரே மூச்சில் வெட்டுவது ஆபத்து. முதலில் ஜிக்ஸா ரம்பத்தால் இரண்டு மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை மட்டும் ரவுட்டருக்குக் கொடுங்கள். குழிகளை ஒரு முறைக்கு நாலைந்து மி.மீ. ஆழமாகப் படிப்படியாக இறக்குங்கள். கொம்புகளின் வளைவில் பிளேடு நாருக்கு எதிராகப் போகும்போதுதான் துண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும்.

பழைய கிட்டாருக்குப் புது நிறம் அடிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, இருக்கும் பூச்சை மரம் வரை உரித்தெடுப்பது. விலை குறைந்த கிட்டார்களில் அந்தப் பூச்சு பெரும்பாலும் தடித்த பாலியெஸ்டர், நல்ல உறுதியான அடித்தளம். அதை 320 உப்புத்தாளால் மங்கலாகத் தேய்த்து அதன் மேலேயே அடிக்கலாம். மர நிறம் தெரிய வேண்டும் என்று உரித்தால் அடியில் பல துண்டு மரமும் பட்டியும் இருக்கலாம், ஒட்டுப்பலகைகூட இருக்கலாம். 1950, 60களின் அசல் ஃபெண்டரோ கிப்சனோ கையில் இருந்தால் தயவுசெய்து பூச்சைத் தொடவே தொடாதீர்கள். தேய்ந்த பழைய பூச்சிலேயே அதன் மதிப்பில் பெரும்பகுதி இருக்கிறது.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவித் துடையுங்கள், பின்னால் அல்ல. பழைய பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கும், புது பெயின்ட் அந்த இடங்களில் மீன்கண் போலக் குழி விழும்.

நம் ஊரில் டூகோ என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர், டூபான்ட் நிறுவனத்தின் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருடைய பெயர். ஃபெண்டரும் அந்த நிறுவனத்தின் கார் பெயின்ட்களைத்தான் கிட்டாருக்கு அடித்தது. ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டு காரிலிருந்து வந்த நிறம். இந்த லாக்கருக்குச் சென்னைக் காற்று பெரிய எதிரி. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால் போல வெளுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். அவசரமென்றால், ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் கலக்கலாம், ஆனால் மாசி மாதத்துக் காய்ந்த முற்பகல் அதைவிட நல்ல மருந்து. நாளுக்கு மூன்று மெல்லிய பூச்சு போதும். ஒரே நாளில் தடிமனாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும்.

அடித்து முடித்ததும் மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். மூக்கை அருகில் கொண்டுபோனால் தின்னர் வாசனை வரக் கூடாது. அதற்கு முன் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பிறகு பூச்சு சுருங்கி மரத்தின் துவாரங்கள் மேலே தெரியும். தேய்க்கும்போது ஓரங்களைக் கடைசியாக, மிக லேசாகத் தொடுங்கள். பூச்சு அங்கேதான் மெல்லியது, நொடியில் மரம் வெளியே வந்துவிடும். நெக் குழியை டேப் ஒட்டி மூட மறக்காதீர்கள். பெயின்ட் ஏறிய குழிக்குள் நெக்கைத் திணித்தால் குழியின் ஓரம் விரியும்.

இதையெல்லாம்விட முக்கியம் உங்கள் நுரையீரல். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தூசிக்கான முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாய் வழியே வரும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையைக் கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

வயரிங்கில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயருக்கான துளையை பெயின்ட்டுக்கு முன்பே போடுங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) என்றால் 250 கே (கிலோ ஓம்), இரட்டைச் சுருள் (ஹம்பக்கர்) என்றால் 500 கே பொட், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம், வழக்கம். குமிழ்களைப் பொட்டோடு சேர்த்தே வாங்குங்கள், தண்டின் பற்கள் 18, 24 என்று இரண்டு விதம் உண்டு.

ட்யூனரின் குட்டி ஸ்குரூக்கள் மேப்பிள் மர நெக்கில் எளிதாக முறியும். சரியான துளை போட்டு, மரையில் மெழுகு தடவித் திருகுங்கள். கம்பி மாட்டி ஒரு நாள் நெக்கை அதன் இழுவைக்குப் பழக விடுங்கள். பிறகு நெக்கின் வளைவைத் திருத்த அதன் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல், நெக்கின் வளைவு கால் மி.மீ. அளவுக்கு வரும்வரை பொறுமையாகப் பார்த்துப் பார்த்து வையுங்கள். அதன் பின்பே சேடில்களை நகர்த்தி 12ஆவது ஃபிரெட்டின் சுருதியைச் சரிபார்க்க வேண்டும்.