அலுமினியம்–சிலிக்கான் கார்பைடில் ஈடிஎம்: எல்9 அட்டவணை காலை வாரும் இடங்கள்

சிலிக்கான் கார்பைடு கலந்த அலுமினியத்தை ஈடிஎம்மில் (மின்பொறிகளால் உலோகத்தை அரித்து வடிவமைக்கும் முறை) அரிக்கும் ஆய்வு என்றால் பலரின் கை நேராக டாகுச்சியின் எல்9 அட்டவணைக்குத்தான் (பல காரணிகளை ஒன்பது சோதனைகளில் சேர்த்துப் பார்க்கும் திட்டம்) போகும். கரண்ட், பல்ஸ்-ஆன் நேரம் (பொறி அடிக்கும் நேரம்), பல்ஸ்-ஆஃப் நேரம் (அடுத்த பொறி வரையிலான ஓய்வு), ஃப்ளஷிங் அழுத்தம் (கழிவைக் கழுவித் தள்ளும் கெரசினின் அழுத்தம்) என நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள், ஒன்பதே சோதனைகள். சிக்கனம்தான். ஆனால் ஒன்பது சோதனைகள் தருவது 8 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (தனித்தனியாகக் கணிக்கக்கூடிய அளவுகளின் எண்ணிக்கை). மூன்று நிலைக் காரணி ஒவ்வொன்றும் 2 எடுத்துக்கொள்ளும். நான்கு காரணிகளுக்கே எட்டும் தீர்ந்துவிடும், பிழையைக் கணிக்க எதுவும் மிஞ்சாது. உடனே, ஆகக் குறைந்த பங்குள்ள காரணியைப் பிழைக் கணக்கில் தள்ளி எஃப் மதிப்பை (காரணியின் விளைவைப் பிழையோடு ஒப்பிடும் விகிதம்) வரவழைக்கிறார்கள். சிறியதைப் பொறுக்கியெடுத்துப் பிழை என்று பெயர் வைத்தால் மற்றவை பெரிதாகத்தான் தெரியும். இதை முடிவு என்று எழுதுவது தவறு.

பிழையை உண்மையிலேயே கணிக்க, ஒவ்வொரு அமைப்பிலும் புதிதாக இன்னொரு குழி போடுங்கள். ஒரே குழியில் மூன்று இடத்தில் சொரசொரப்பை அளப்பது மறுசோதனை ஆகாது.

ஒரு பொறியின் ஆற்றல் வோல்டேஜ், கரண்ட், பல்ஸ்-ஆன் மூன்றின் பெருக்கல். ஆகவே கரண்டின் விளைவு பல்ஸ்-ஆன் நேரத்தைப் பொறுத்தே மாறும். நான்கு பத்தியும் நிரம்பிய எல்9-இல் அந்தக் கூட்டு விளைவு மற்ற காரணிகளின் விளைவோடு கலந்துவிடும், பிரித்தெடுக்க வழியில்லை. எல்27 (27 சோதனை கொண்ட அட்டவணை) அல்லது ரெஸ்பான்ஸ் சர்ஃபேஸ் முறைக்கு (காரணிகளுக்கும் விளைவுக்கும் சமன்பாடு பொருத்தும் முறை) போவது நல்லது.

ஸ்டீலுக்கு எடுத்த அமைப்புகளை அப்படியே கொண்டுவருவதும் தவறு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். சிலிக்கான் கார்பைடோ அந்த வெப்பத்தில் அசையாது. சுற்றியுள்ள உலோகம் உருகியதும் துகள் முழுசாகக் கழன்று எலக்ட்ரோடு இடைவெளியில் விழும். அங்கே தேங்கினால் ஆர்க் அடித்துப் பரப்பு கருகும். பல்ஸ்-ஆஃப், ஃப்ளஷிங் நிலைகளை முன்னோட்டச் சோதனை பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அரிப்பு வேகத்தை எடை இழப்பிலிருந்து கணக்கிடுவதால் எடையிலும் கவனம் வேண்டும். ஸ்டிர் காஸ்டிங்கில் (உருகிய உலோகத்தில் துகளைக் கலக்கி வார்ப்பது) செய்த துண்டின் நுண்துளைகளில் கெரசின் ஏறினால் அரிப்பு வேகம் குறைவாகத் தெரியும். அசிட்டோனில் கழுவி உலர்த்தியபின் எடைபோடுங்கள். சோதனை வரிசையைக் குலுக்கிப்போடாவிட்டால், கெரசின் அழுக்காவதன் விளைவு ஏதோ ஒரு காரணியின் பெயரில் பதிவாகும்.

கடைசியில் கிடைத்த உச்ச அமைப்பு, கொடுத்த வரம்பின் விளிம்பிலேயே நின்றால் அதை உச்சம் என்று அறிவிக்காதீர்கள். வரம்பை அந்தப் பக்கம் நீட்டி மறுபடி ஓட்டுங்கள்.