வயதானவர் வார்டில் அமைதியாகிவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் 26 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். புதிதாகப் பணியில் சேரும் பிள்ளைகள் அன்று நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. கட்டில் சக்கரத்தைப் பூட்டாமல் விடுவது போன்றவற்றை அவர்களே ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். வயதானவர்களுக்கு வார்டில் திடீரென்று வரும் மனக்குழப்பத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் போடாதவர் நலமாக இருக்கிறார் என்று நினைப்பது

காசிமேட்டில் மீன் விற்றுவந்த, எழுபதைக் கடந்த அம்மா ஒருவர் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக வந்து சேர்ந்தார். முதல் நாள், வஞ்சிரம் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், மூன்றாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் ஊட்டிய இட்லி பதினொரு மணிக்கும் விழுங்கப்படாமல் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது. "எங்கம்மா இப்படிச் சும்மா இருக்கற ஆளே இல்ல சிஸ்டர்" என்றார் மகள். "வயசாயிடுச்சுல்லம்மா, அசதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டில் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எழுதினேன். இரவு மருத்துவர் பார்த்தபோது அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. சிறுநீர் அடைத்துக்கொண்டிருந்தது, டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. உடல் தேறி வீடு திரும்பினார். ஆனால் சில்லறைக் கணக்கு அவருக்கு முன்போல் வரவேயில்லை என்று மகள் பிற்பாடு வந்து சொன்னார்.

நோயில் கிடப்பவரின் மனம் இப்படித் திடீரென்று குழம்பிப்போவதற்கு டெலிரியம் என்று பெயர். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வது. டெலிரியமோ சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் தொடங்கி, காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக ஏறி இறங்குவது. தொற்று, நீர்வற்றல், சோடியம் குறைவு, மலச்சிக்கல், வலி, கொடுத்த மருந்து என்று அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பிதற்றிக்கொண்டு டிரிப்ஸைப் பிடுங்குபவரிடம் எல்லாரும் ஓடுகிறோம்; சுருண்டு கிடப்பவரைத் தொந்தரவில்லாத நோயாளி என்று பாராட்டுகிறோம். 'வயசாயிடுச்சு' என்று வார்டில் யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். நடுவில் தடம் மாறிப்போனால் மருத்துவரை அழையுங்கள். 'இவர் இப்படிப்பட்டவர் இல்லை' என்று வீட்டார் சொன்னாலோ, அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் விட்டுவருவது

தொலைந்துவிடும் என்று பயந்து வீட்டார் பெட்டியில் பூட்டிவைக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஷாரன் இனூயி குழுவினர், 70 வயதும் அதற்கு மேலுமான 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 1999-இல் வெளியிட்டனர். கண்ணாடி, காதுக் கருவி கொடுத்து, பேச்சுக் கொடுத்து, நடக்கவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, இரவில் தூங்கவிட்டவர்களில் 9.9 சதவீதத்தினருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் டெலிரியம் வந்தது. இவற்றில் எதற்கும் புதிய இயந்திரம் தேவையில்லை.

தூக்கத்துக்கு மாத்திரை கேட்பது

தூக்க மாத்திரையும், மயக்கம் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரையும் குழப்பத்தைக் கூட்டும். முதலில் வார்டு விளக்கை அணையுங்கள்.

கையைக் கட்டுவது

டிரிப்ஸைப் பிடுங்குகிறார் என்று நோயாளியின் கையைக் கட்டிலோடு கட்டாதீர்கள், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றை உட்காரவையுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவது

குழப்பம் முழுவதும் தெளியச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதுவரை மாத்திரைகளை வேறொருவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.