பழைய காரில் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது எப்படி – சிக்கனமாக

பாயிண்ட் என்பது தீப்பொறி தரும் காயிலின் மின்னோட்டத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சிறு சுவிட்ச். அதைப் பொருத்துவதில் பெரிய சிரமம் இல்லை. பொருத்திய இடைவெளி நிலைத்து நிற்காததுதான் தொல்லை. பல கார்களில் அந்த இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் சிறு கட்டை தேயத் தேய அது குறுகிக்கொண்டே வரும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கும். கூடவே முனைகளும் கருகும். காந்த வளையமும் அதை உணரும் ஹால் சென்சாரும் கொண்ட எலக்ட்ரானிக் மாட்யூலில் இந்த உரசலே கிடையாது. அதனால் எஞ்சினின் சக்தி கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நன்றாக டியூன் செய்த பாயிண்ட் முதல் நாள் எப்படி ஓடுமோ, அப்படியே மாதக்கணக்கில் ஓடும். எனக்கு அதுவே போதும்.

எதை வாங்குவது

மிக மலிவான வழி, பாயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு காயிலின் மின்னோட்டத்தை மட்டும் டிரான்சிஸ்டர் பெட்டிக்கு மாற்றுவது. முனைகள் கருகாது. ஆனால் கட்டை தொடர்ந்து தேயும், பாதி நோய் அப்படியே இருக்கும். அதே எஞ்சினின் பிற்கால மாடலில் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்) வந்திருந்தால், உடைத்த காரிலிருந்து அதை முழுதாக எடுத்துப் பொருத்துவது இன்னொரு வழி. ஷாஃப்ட் ஆடாத நல்ல பொருள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இரண்டும் சரிவராதவர்களுக்கு என் பரிந்துரை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் இரண்டு வயர் மாட்யூல். கூடவே புதிய காயிலும் வாங்கச் சொல்வார்கள். பழைய காயில் நல்ல நிலையில் இருந்தால் அது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரும், வயரில் கவ்வி மாட்டும் டைமிங் லைட்டும் வாங்கலாம்.

கழற்றும் முன் அளந்து பாருங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். காயிலின் இரு வயர்களையும் கழற்றிவிட்டு, பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். 3 ஓம் அளவில் இருந்தால் அது முழு 12 வோல்ட்டில் ஓடும் காயில். 1.5 ஓம் அளவில் இருந்தால், அதற்கு முன்னால் எங்கோ மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். காயில் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டையாக அது இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. சில கார்களில் வயரே ரெசிஸ்டராக இருக்கும். மற்ற வயர்களோடு சுற்றிக் கட்டப்பட்டிருப்பதால் பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

மாட்யூலின் சிவப்பு வயருக்கு முழு பேட்டரி வோல்ட் வேண்டும். பேலஸ்டுக்குப் பின்னால், அதாவது காயிலின் பிளஸ் முனையில் அதை இணைத்தால், ஸ்டார்ட்டர் சுழலும்போது எஞ்சின் பற்றிக்கொள்ளும், சாவியை விட்டதும் அணைந்துவிடும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் பேலஸ்டைத் தவிர்த்து முழு வோல்ட் வரும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. மாட்யூலைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் முன் இதைச் சோதியுங்கள்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாயிண்ட் திறந்த நிலையில் சாவியைத் திருப்பி அளந்தால், பேலஸ்ட் இருந்தாலும் காயிலின் பிளஸ் முனை 12 வோல்ட்டையே காட்டும். மின்னோட்டம் இல்லாதபோது ரெசிஸ்டரில் வோல்ட் விழாது. எஞ்சினைக் கையால் சுற்றிப் பாயிண்ட் மூடும் நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு அளக்க வேண்டும். பேலஸ்டும் காயிலும் 1.5 ஓம் என்றால் மீட்டர் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டும். அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்டை ஏற்கெனவே கழற்றிவிட்டீர்களா? காயிலின் மைனஸ் முனையை ஒரு வயரால் எர்த்தில், அதாவது காரின் உலோக உடலில், தொட்டுக்கொண்டு, ஓரிரு நொடியில் அளந்து எடுத்துவிடுங்கள்.

பேலஸ்ட் இருந்தால் காயிலை அதோடு அப்படியே விட்டுவிட்டு, சிவப்பு வயரை மட்டும் பேலஸ்டுக்கு முன்னாலோ, ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் உயிர்பெறும் முனையிலோ இணையுங்கள். அந்த முனையில் ஸ்டார்ட்டர் சுழலும்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால், சாவியை விடும் கணத்தில்தான் எஞ்சின் பற்ற முயலும். பேலஸ்டை அகற்றிவிட்டு 1.5 ஓம் காயிலை நேரடியாக இணைக்க வேண்டாம். 8 ஆம்பியர் வரை ஓடும், பல மாட்யூல்கள் அதைத் தாங்காது.

பொருத்துதல்

பேட்டரியைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டரை டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் நோக்கும் திசையை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் குறித்துக்கொள்ளுங்கள். பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, மாட்யூலைத் தட்டில் திருகி, காந்த வளையத்தைக் கேமின் மேல் இறுதிவரை அழுத்துங்கள். காந்தமுனை ஸ்குரூடிரைவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். பாயிண்டின் சிறு திருகு உள்ளே விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்ற வேண்டிவரும். கருப்பு வயர் காயிலின் மைனஸுக்குப் போகும். எடுத்த பாயிண்ட் செட்டைக் காரிலேயே வைத்திருங்கள்.

மூடியை மாட்டும் முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். அசையும் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்கு மெல்லிய எர்த் வயர் ஒன்று போகும். எஞ்சினின் வேக்கம் (உறிஞ்சு விசை) தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருக்கும். மீட்டரை ஓமில் வைத்துத் தட்டைக் கையால் ஆட்டுங்கள். எண் துள்ளினால் வயரை மாற்றுங்கள். மாட்யூலுக்கு எர்த் கிடைக்கும் வழி இதுதான். ரோட்டரையும் கையால் திருப்பி விடுங்கள். சுருள்வில் அதைத் தானாகப் பின்னுக்கு இழுக்கவில்லை என்றால் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னேற்றும் எடைகள் உள்ளே இறுகிக் கிடக்கின்றன. அந்தக் குறையை எந்த மாட்யூலும் தீர்க்காது.

பிளக் வயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால், ரெசிஸ்டன்ஸ் உள்ள வயருக்கு மாறுங்கள். மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

டைமிங்

மாட்யூல் தூண்டும் புள்ளி வேறு, பழைய பாயிண்ட் திறந்த புள்ளி வேறு. ஆகவே டைமிங்கைப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். எஞ்சின் சூடானதும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்து, காரின் கையேடு சொல்லும் ஆர்பிஎம்மில் லைட்டை அடியுங்கள். ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் டைமிங் முன்னேறும். பிளக் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடியே விடுங்கள்.

பின்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் எழுதியதிலிருந்து மூன்று விஷயங்கள். ஒன்று, சில பழைய கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதற்கென்று தனி மாட்யூல் உண்டு, சாதாரண மாட்யூல் மாட்டினால் கருகிவிடும். இரண்டு, காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கொண்டு ஓடும் பழைய டாக்கோமீட்டரில் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) முள் தடுமாறினால், சிவப்பு வயரை டாக்கோமீட்டருக்கு முன்னாலிருந்து எடுங்கள். மூன்று, எஞ்சின் ஓடாதபோது ரேடியோ கேட்பதற்காகச் சாவியை இக்னிஷன் நிலையில் விட்டுவைக்காதீர்கள். எளிய மாட்யூல்களில் மின்னோட்டம் நிற்காமல் ஓடிக் காயிலையும் மாட்யூலையும் சுட்டுவிடும். ஆக்சஸரி நிலை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ரேடியோவுக்குத் தனி ஃபியூஸோடு நேரடி வயர் கொடுத்துவிடுங்கள்.