பிளையரின் மூட்டு இடுக்கைத் திறந்து பாருங்கள்

பல்லுக்குக் கம்பி போடும் பிளையர் ஒன்றை எடுத்து, வாயை விரித்து, வெளிச்சத்தில் பிடியுங்கள். மூட்டின் இடுக்கில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறதா? துருவாக இருக்கலாம், காய்ந்த ரத்தமாகவும் இருக்கலாம், எதுவானாலும் அதற்கு அடியில் நீராவி போய்ச் சேராது. அதனால் நீராவியில் கிருமியைக் கொல்லும் மெஷினான ஆட்டோகிளேவ் பார்த்துக்கொள்ளும் என்று கழுவுவதில் அவசரப்படாதீர்கள்.

நோயாளி எழுந்ததும் கருவிகளைக் காயவிடாமல் என்சைம் கரைசலில் போடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், சூட்டில் ரத்தத்தின் புரதம் இறுகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ப்ளீச் வேண்டவே வேண்டாம், குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும். அப்புறம் மூட்டு திறந்தபடியே, ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் அல்ட்ராசோனிக்கில் 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காயவையுங்கள். வயர் வெட்டும் கட்டரை ஈரத்தோடு பவுச்சில், அதாவது ஆட்டோகிளேவுக்குள் வைக்கும் உறையில், போட்டால் முனை துருப்பிடிக்கும், பிறகு அது வயரை வெட்டாது, நசுக்கும்.

பவுச்சுக்குள்ளும் பிளையர் திறந்தே இருக்கட்டும். சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் உள்ளதில் 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு, ஆனால் உங்கள் மெஷினின் கையேடு சொல்வதே இறுதி. அந்த வெப்பத்தைத் தொட்ட பிறகுதான் நேரம் எண்ண வேண்டும், சூடேறும் நேரம் அதில் சேராது. பவுச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வெளியே எடுக்கும்போது காகிதம் ஈரமாக இருந்தால் அதைச் சுத்தமானதாக எண்ண வேண்டாம், ஈரக் காகிதம் கிருமியைத் தடுக்காது, புதுப் பவுச்சில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பவுச்சின் வெளிப்புறப் பட்டை நிறம் மாறியது மெஷினுக்குள் போய் வந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். கிருமி உண்மையில் செத்ததா என்று சொல்வது, எளிதில் சாகாத கிருமி வித்துகளை (ஸ்போர்) மெஷினுக்குள் வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட், அதை வாரம் ஒருமுறை செய்துவிடுங்கள்.

எனக்கு மனசு ஒப்பாத ஒரு பழக்கம் உண்டு. அளவு பார்க்க ஒரு வாயில் போட்டுப் பார்த்த மோலார் பேண்டை, அதாவது கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையத்தை, பொருந்தவில்லை என்றதும் ஸ்பிரிட்டில் துடைத்து மறுபடி பெட்டியில் போடுவது. ஸ்பிரிட் ஸ்போரைக் கொல்லாது, பேண்டுக்குள் ஒட்டிய எச்சிலைக் கழுவியும் விடாது. அடுத்து அதே பேண்ட் இன்னொரு பிள்ளையின் ஈறுக்குள் இறங்கப் போகிறது. போட்டுப் பார்த்ததற்கு ஒரு தனிக் கிண்ணம் வையுங்கள், அல்ட்ராசோனிக், ஆட்டோகிளேவ் இரண்டும் முடிந்த பிறகே பெட்டிக்குத் திரும்பட்டும். சிமெண்ட் போட்டு ஒட்டிக் கழற்றியது நேராகக் குப்பைக்கு, கம்பியைப் பிடிக்கப் பல்மேல் ஒட்டும் பிராக்கெட்டும் அப்படியே. பற்களை இழுக்கும் ரப்பர் சங்கிலியான பவர் செயினைச் சூட்டில் வைக்க முடியாது, எனவே நோயாளியைத் தொடும் முன்பே வேண்டிய நீளத்தை வெட்டி வைத்துவிடுங்கள், எச்சில் பட்ட கிளவுஸ் சுருளைத் தொடவே கூடாது.