மர்பி குடும்ப வேர்களைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் மர்பி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தன் குடும்ப மரத்தை எனக்கு அனுப்பி, சரியா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். கீழே அவர். உச்சியில் 12-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டரை ஆண்ட டெர்மட் மக்மரோ. நடுவில் எண்ணூறு ஆண்டுகள், ஒரு தலைமுறைகூட விடுபடாமல். 1750-க்கு மேலே போனால் எந்தப் பெயருக்கும் சான்று இல்லை. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடு, எங்கிருந்து எடுத்தாய் என்று குறித்துவை போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா மர்பியும் ஒரே வம்சம் என்று நினைப்பது

நம்மில் பலருக்கு மர்பி என்றால் பழைய ரேடியோதான் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் அது மிகப் பரவலான குடும்பப்பெயர். முர்ஹத் என்ற பழைய ஐரிஷ் ஆண்பெயரிலிருந்து வந்தது. கடல் வீரன் என்று பொருள். முர்ஹத்தின் வழிவந்தவர்கள் 'ஓ' சேர்த்தும், முர்ஹத்தின் மகன் வழி என்று சொன்னவர்கள் 'மாக்' சேர்த்தும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் மர்பி ஆகிவிட்டன.

முர்ஹத் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த பெயர். அதனால் வெக்ஸ்ஃபோர்டில் ஒரு மர்பி வம்சம், கார்க் மாவட்டத்தின் மஸ்கெரிப் பகுதியில் இன்னொன்று, வடக்கே டைரோன், அர்மா பக்கம் மற்றொன்று என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தோன்றின. கார்க் மர்பிக்கும் அர்மா மர்பிக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இருக்க வேண்டியதில்லை.

டெர்மட் மன்னர் விஷயம் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியது. 1166-ல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, நார்மன் வீரர்களின் உதவியைத் தேடிப் போய், 1169-ல் அவர்களை அயர்லாந்தில் இறங்கவைத்தவர் அவர். அவருடைய மகன்கள் வழியாக வந்தவை என்று அறியப்படும் பெயர்கள் கவனா, கின்செல்லா. மர்பி அல்ல. வெக்ஸ்ஃபோர்டு மர்பிகள் அதே பெரிய குலக்கூட்டத்தின் வேறொரு கிளை. அரச வம்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டு மர்பி வழியாக அவரிடம் ஏறுபவர்கள், ஏணியையே தவறான சுவரில் சாய்த்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கலகத்தில் வெக்ஸ்ஃபோர்டு மக்களை வழிநடத்தித் தூக்கிலிடப்பட்ட ஃபாதர் ஜான் மர்பியை நேரடி மூதாதையாகப் போட்ட மரங்களையும் பார்த்திருக்கிறேன். அவர் கத்தோலிக்கக் குருவானவர்.

62,600 என்ற எண்ணைத் தலைக்கணக்காக எடுத்துக்கொள்வது

அயர்லாந்தில் 62,600 மர்பிகள் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். இது அயர்லாந்துப் பதிவுத் துறை அதிகாரி ராபர்ட் மதீசன் 1894-ல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வருகிறது. 1890-ல் எந்தக் குடும்பப்பெயரில் எத்தனை பிறப்புகள் பதிவாயின என்று எண்ணி, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிட்டார். யாரும் வீடுவீடாகப் போய் மர்பிகளை எண்ணவில்லை. அப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய 47 லட்சம் மக்கள்தொகையில் 75 பேருக்கு ஒரு மர்பி. இரண்டாவது இடத்தில் கெல்லி, 55,900. அண்மை ஆண்டுகளின் பிறப்புப் பதிவுகளிலும் மர்பிதான் முதலிடம்.

அமெரிக்காவின் 2010 சென்சஸில் மர்பி என்ற பெயர் உள்ளவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் ஐரிஷ் வழியினர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் கறுப்பின அமெரிக்கர். அடிமை முறைக் காலத்தில் பண்ணை உரிமையாளரின் பெயர் ஒட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அந்தத் தேடலுக்கு வழியே வேறு.

முதலில் கிடைத்த ஜான் மர்பியைப் பிடித்துக்கொள்வது

எல்லாவற்றையும்விட அதிக நஷ்டம் தருவது இதுதான். இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

பாஸ்டனிலிருந்து கார்க்குக்கு வந்த ஒரு பெரியவர். கொள்ளுத்தாத்தா ஜான் மர்பி. 1848 வாக்கில் கார்க்கில் பிறந்தவர். அப்பா பெயர் பேட்ரிக். இவ்வளவுதான் வீட்டில் தெரிந்தது. கணினியில் தேடியதும் 1848-ல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜான் மர்பி வந்து நின்றார். அப்பா பேட்ரிக், அம்மா மேரி சல்லிவன். பெயர் சரி, ஆண்டு சரி, மாவட்டம் சரி. பெரியவர் அந்தக் குடும்பத்தின் பாழடைந்த கல்லறையைக் கண்டுபிடித்து, சொந்தச் செலவில் புதுக் கல் வைத்து, பேரப்பிள்ளைகளோடு பூ வைக்க வந்திருந்தார். அந்தப் பயணத்தில்தான் அவரைச் சந்தித்தேன்.

அவர் காட்டிய காகிதங்களைப் பார்த்துவிட்டு 1901 சென்சஸைத் திறந்தேன். அதே குக்கிராமத்தில் ஜான் மர்பி, விவசாயி, மனைவி, பிள்ளைகள், கூடவே விதவையான தாய் மேரி. அந்த ஜான் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. 1901, 1911 சென்சஸ் இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் வேறு யாருடைய தாத்தாவுக்கோ கல் வைத்தாயிற்று. பிறகு பாஸ்டனில் ஒரு பங்கின் (கத்தோலிக்கத் தேவாலய வட்டாரத்தின்) திருமணப் பதிவேட்டிலேயே கொள்ளுத்தாத்தாவின் தாய் பெயர் கிடைத்தது: எலன் லியரி. அது முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய பதிவு. அதற்குள் அவருடைய மரத்தை யார் யாரோ நகலெடுத்துத் தங்கள் மரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அவர் தன்னுடையதைத் திருத்திவிட்டார். நகல்கள் அப்படியே உலவுகின்றன. புதிதாக வருபவர் அந்த நகல்களைப் பார்த்து, 'இத்தனை பேர் சொல்கிறார்களே' என்று நம்புகிறார்.

இது ஏன் மர்பிகளுக்கு இவ்வளவு எளிதாக நடக்கிறது? ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெயர் வைப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். ஒரு பேட்ரிக் மர்பிக்கு ஐந்து மகன்கள் என்றால், ஐந்து பேரும் தங்கள் மூத்த பையனுக்குப் பேட்ரிக் என்று வைப்பார்கள். ஒரே பங்கில், சில ஆண்டுகளுக்குள், ஐந்து பேட்ரிக் மர்பிகள். அவர்களில் சிலரின் மனைவி பெயரும் மேரி என்றே இருக்கும்.

உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம் வந்ததால்தான் பட்டப்பெயர் வைத்துப் பிரித்தார்கள். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஜான் மர்பி என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிவப்பு' என்றோ 'பெரிய' என்றோ, அல்லது அப்பாவின் பெயரோ இருக்கும். அந்த அடைப்புக்குறிதான் தங்கம். பெயர்ப்பட்டியலை மட்டும் படியெடுத்த சுருக்கங்களை நம்பினால் அது கண்ணில் படாமலே போகலாம். மூலப் பக்கத்தின் படத்தையே பாருங்கள்.

இதில் புகழ்பெற்றவர்களின் கதைகூடத் தப்பவில்லை. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையத்தில் முதலில் பதிவானவர், கார்க்கிலிருந்து வந்த ஆனி மோர் என்ற சிறுமி. அவர் பிறகு டெக்சாஸ் போய், 1923-ல் டிராம் மோதி இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் சொன்னார்கள். அந்த டெக்சாஸ் பெண்ணின் சந்ததியினர் விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். மேகன் ஸ்மோலென்யக் என்ற வம்ச ஆய்வாளர் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி மோர் அமெரிக்காவின் இல்லினாயிலேயே பிறந்தவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கைவிட்டுப் போகவே இல்லை. அங்கேயே திருமணம் செய்து, பிள்ளை பெற்று, 1924-ல் இறந்து, பெயர்க்கல் இல்லாத கல்லறையில் கிடந்தார். இந்த விவரம் வெளிவந்தது 2006-ல். மோர் அப்படி ஒன்றும் மர்பி அளவுக்குப் பரவலான பெயரும் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? பொருந்துகிற ஆள் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். அந்தப் பங்கில் அதே பெயரில், அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்த எல்லா ஜான்களையும் பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று தொடருங்கள்: ஊரிலேயே திருமணம் செய்தாரா, 1901-ல் இருக்கிறாரா, இறப்புப் பதிவு உண்டா. நம்முடையவராக இருக்க முடியாதவர்களை ஒவ்வொருவராகக் கழித்த பிறகு மிஞ்சுபவரிடம் போங்கள்.

ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரையும் அப்பாவின் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதே வரியில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், பல நேரம் குக்கிராமத்தின் பெயர் இருக்கும், ஞானத்தாய், ஞானத்தகப்பன் இருவரின் பெயரும் இருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா வகையறா. கடல் கடந்து போன பிறகும் இவர்கள் ஒரே தெருவில் குடியிருப்பார்கள், ஒருவர் திருமணத்துக்கு மற்றவர் சாட்சி நிற்பார். மர்பி என்ற பெயரைவிட ஞானத்தாயின் பெயர் உங்களை வேகமாக ஊருக்குக் கூட்டிப்போகும்.

வயது ஒத்துவரவில்லை என்று சரியான ஆளைத் தள்ளிவிடுவது

1901 சென்சஸில் 56 வயது, 1911-ல் 71. இது தப்பான ஆளாக இருக்க வேண்டியதில்லை. 1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது ஆனால் பணம். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1864-ல்தான். அதற்கு முன் பிறந்த பலருக்குத் தங்கள் வயது தெரியாது. அதனால் 1911-ல் பல வீடுகளில் வயது திடீரென்று ஏறியது. வயதைவிட 1911 படிவத்தின் மற்ற கட்டங்கள் பயன்படும்: திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது.

முதல் பெயர் மாறாது என்று நம்புவது

அந்தக் காலத்தில் குருவானவர்கள் பதிவேட்டைப் பல நேரம் லத்தீனில் எழுதுவார்கள். வீட்டில் ஐரிஷ் பேசுவார்கள். அரசுப் பதிவு ஆங்கிலத்தில். ஆகவே கார்க்கில் டியர்மட் என்று வீட்டில் கூப்பிட்ட பையன், நிலவரிப் புத்தகத்தில் டார்பியாகவும் பிறகு ஜெரமையாவாகவும் இருப்பான். டைக் என்பவர் டிமத்தி ஆவார். இந்த ஜோடிகளை எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருவரைச் சேர்க்கும்போது மனைவி பெயரும் ஊரும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

'கார்க்கிலிருந்து வந்தார்' என்றால் கார்க்காரர் என்று எடுத்துக்கொள்வது

கோவ் துறைமுகம் கார்க்கில் இருக்கிறது. அன்று அதன் பெயர் குயின்ஸ்டவுன். கெர்ரி, லிமெரிக், டிப்பெரரி மக்களும் அங்கேதான் கப்பல் ஏறினார்கள். வீட்டுக் கதையில் மிஞ்சுவது பல நேரம் கப்பல் ஏறிய ஊர்தான்.

குடும்பச் சின்னம் வாங்குவது

கேடயத்தில் பொறிக்கும் இந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது. மர்பிகள் அனைவருக்கும் பொதுவான சின்னம் கிடையாது.

'எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள்'

மாற்றவில்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனம் புறப்படும் இடத்திலேயே தயாரித்துவிட்டது.

'எல்லா ஆவணமும் எரிந்துவிட்டது' என்று கைவிடுவது

1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையான சென்சஸ்களில் பெரும்பகுதி அதில் போனது. 1881, 1891 சென்சஸ் தாள்கள் முதல் உலகப் போரின்போதே கூழாக்கப்பட்டவை. அவற்றுக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமில்லை. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் அவற்றின் படங்களை 2015-ல் இலவசமாக இணையத்தில் போட்டது. 1823 முதல் 1837 வரையான தசமபாக (தேவாலயத்துக்குக் கட்டிய) வரிப் புத்தகங்களும், கிரிஃபித் மதிப்பீடும், 1864-க்குப் பிந்தைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும் இருக்கின்றன. ஏழை மர்பி குடும்பத்தை 1800-களின் தொடக்கம் வரை கொண்டுபோக இவை பல நேரம் போதும். அதற்கு மேலே போக முடியாவிட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள். மன்னர் வரை ஏறத் தேவையில்லை.

மெட்ராஸ் பக்கம் தேடும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு

மூதாதை 'டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' படையில் இருந்தார், ஆகவே டப்ளின்காரர் என்று எழுதுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படை பிறகு பிரிட்டிஷ் அரசின் படையாகி, 1881-ல்தான் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் என்ற பெயரைப் பெற்றது. கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் நிறைய இருந்தார்கள், ஆனால் எல்லோரும் ஐரிஷ்காரர்கள் இல்லை. படையின் பெயரை வைத்து ஊரை முடிவு செய்யாமல், சேர்ந்தபோது பிறந்த இடம் எழுதிய ஆவணத்தைத் தேடுங்கள். மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மர்பி என்று தேடினால் அங்கேயும் நிறைய வரும். முதலில் வருபவரோடு நின்றுவிடாமல் மனைவி பெயர், படைப்பிரிவு, சாட்சிகள் எல்லாம் ஒத்துப்போகிறவரை மட்டும் எடுங்கள்.